அதே பக்கம், அதே அளவு

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ‘ஊர்க்கண்’ வாரப் பத்திரிகையை வாசித்துக் காட்டுவது என் பொறுப்பு. இராஜபாளையத்தில், ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்குக் கட்டும் காஸ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் பேக்கிங் பிரிவில் நாங்கள் பதினெட்டுப் பெண்கள். அதில் பாதிப் பேர் பத்தாவது படித்தவர்கள். என்னைவிட வேகமாக வாசிப்பார்கள். இருந்தாலும் நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டவள் ஒவ்வொரு சொல்லாக இழுத்து வாசிப்பதைக் கேட்பதில் அவர்களுக்கு ஒரு குஷி.

“வேலுத்தாயக்கா வாசிச்சு முடிக்கதுக்குள்ள திருடன் ஜெயிலுக்குப் போயி திரும்பி வந்துருவான்,” என்பாள் பொன்மணி.

அன்றைக்கு முதல் பக்கத்தின் உச்சியில், மூன்று பத்தி அகலத்துக்குத் தலைப்பு. “ஆஸ்பத்திரிக்குப் போன காஸ் துணியில் பூஞ்சணம்” என்று வாசித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. எங்கள் கம்பெனியின் பெயர் வந்தது. வெளி மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் பொட்டலத்தைப் பிரித்தபோது கறுப்புப் புள்ளிகள் இருந்ததாகவும், நோயாளி மேல் வைக்கும் முன்பே கண்டுபிடித்துவிட்டதாகவும் வந்தது.

வேகமாக வாசிப்பவர்களுக்குக் கண் முன்னால் ஓடும். வரப்போவது என்னவென்று வாய்க்கு முன்பே தெரிந்துவிடும். எனக்கு அப்படி இல்லை. விரல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் கண்ணும் நிற்கும்.

“பெட்டிக்குள் இருந்த, ஆடிப்பூரத்தன்றைய தேதியிட்ட சீட்டில் நாற்பத்தொன்று என்ற முத்திரை இருந்தது. அந்த எண்ணுக்குரிய பணியாளர், வன்னியம்பட்டியைச் சேர்ந்த, ராணுவ வீரரின் மனைவி, மா... ரிச்... செல்வி...”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று எனக்கே உறைத்தது. மாரிச்செல்வி எனக்கு எதிரே, டிபன் மூடியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“மிச்சத்தையும் வாசிங்க அத்தை,” என்றாள்.

“இவரது அலட்சியமே காரணம் என்று நிர்வாகம் தெரிவித்தது.”

அவ்வளவுதான் இருந்தது. அதற்குக் கீழே ஒரு நகைக்கடை விளம்பரம்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஏனென்றால் பதினெட்டுப் பேருக்கும் தெரியும், ஆடிப்பூரத்தன்றைக்கு மாரிச்செல்வி வேலைக்கே வரவில்லை.

எங்கள் பிரிவில் ஆளுக்கு ஒரு ரப்பர் சீல், அதில் அவரவருடைய கம்பெனிப் பதிவு நம்பர். என்னுடையது பதினேழு. அடைக்கிற ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தேதி போட்ட ஒரு சீட்டு வைத்து அதில் நம்பரைக் குத்த வேண்டும். சாயங்காலம் சூப்பர்வைசர் ஐயாதுரை ஆட்களை எண்ண மாட்டார், சீட்டைத்தான் எண்ணுவார். அதனால் யாருக்காவது அவசரம் என்றால் சீலைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். சீல் வாங்கியவள் ஒரு பெட்டிக்குத் தன் நம்பர், அடுத்த பெட்டிக்கு அவள் நம்பர் என்று மாறி மாறிக் குத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு பெட்டியை அந்த மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். பிள்ளைப்பேறு, பெண் பார்க்க வருவது, ரேஷன் கடை, எல்லாம் அப்படித்தான் நடந்தது.

ஆடிப்பூரத்துக்குக் கலெக்டர் லீவு விட்டார். கம்பெனி விடவில்லை. மாரிச்செல்வியின் வீட்டுக்காரன் பாண்டிதுரை பட்டாளத்திலிருந்து பத்து நாள் லீவில் வந்திருந்தான். ரெண்டு பேரும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். முதல் நாள் சாயங்காலமே நாற்பத்தொன்றைக் கொண்டுவந்து வைத்தாள். என் மேசையில்தான்.

ஐயாதுரை சாப்பாட்டு அறை வாசலில் வந்து நின்றார். கையில் அதே பேப்பர்.

“மாரிச்செல்வி, பையை எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு வா. திங்கக்கிழமை போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறோம். அதுவரைக்கும் இந்தப் பக்கமே வரப்பிடாது.”

“சார், நான் அன்னைக்கு...” என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். வரவில்லை என்று சொன்னால் வந்த மாதிரி ஏமாற்றினாள் என்று ஆகும். யார் குத்தினது என்று அடுத்த கேள்வி வரும். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. டிபன் மூடியைப் பூட்டினாள், போனாள்.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஐயாதுரையைப் பார்த்ததும் அவசரமாக அள்ளிப் போட்ட சோறு வாய் நிறைய இருந்தது, அதை முழுங்கவே நேரம் ஆனது.

சாயங்காலம் சங்கு ஊதியதும் கேட் அருகே பொன்மணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அக்கா, உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. எதையும் உளறிராத. சீல் மாத்துறது தெரிஞ்சா பதினெட்டு பேரு சோத்துலயும் மண்ணு.”

“அந்தப் பிள்ளை பேரு பேப்பர்ல வந்துருச்சேட்டி.”

“ஒரு வாரத்துல அந்தப் பேப்பர்ல வடை மடிப்பாக. எல்லாரும் மறந்துருவாக.”

வன்னியம்பட்டியில் மறக்க மாட்டார்கள். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவன் பட்டாளத்திலோ போலீசிலோ இருக்கிறான். ராணுவ வீரரின் மனைவி என்று வேறு போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டாம் பக்கத்தைப் பிரித்தேன். அதன் வலது மூலையில் கட்டம் கட்டி ஐந்து வரி இருக்கும். ‘எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட கட்டு’ என்று தலைப்பு. ஆசிரியர் சௌந்தரபாண்டியன் பத்திரிகை தொடங்கிய நாளிலிருந்து வாராவாரம் ஒரு எழுத்தும் மாறாமல் அதைப் போட்டு வருகிறார். மற்றவர்கள் யாரும் அதை வாசிப்பது கிடையாது. நான் எழுத்துக் கற்றதே அதில்தான். மாறாத வரிகள் என்பதால் போன வாரம் தெரியாத சொல் இந்த வாரம் பிடிபடும். இரண்டாவது வரி: யார் மீது குற்றம் சொல்லப்படுகிறதோ, அவரைக் கேட்காமல் அச்சிட மாட்டோம். நான்காவது: பிழை எந்தப் பக்கத்தில், எந்த அளவில் வந்ததோ, திருத்தமும் அந்தப் பக்கத்தில், அந்த அளவில் வரும். ஐந்தாவது: மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை, ஆசிரியர் வாசகர் முன் உட்கார்ந்து பதில் சொல்வார்.

மறுநாள் கடைசிச் சனிக்கிழமை.

கண்ணாஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று கம்பெனிக்குப் போன் பண்ணிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ் ஏறினேன். மாரிச்செல்வியை யாரும் கேட்காமல் போட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்பது என் கணக்கு. மற்றதை அவர்களே விசாரித்துக்கொள்ளட்டும். பஸ்ஸில் உட்கார்ந்து அதை நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். சரியாக வந்தது.

பத்திரிகை ஆபீஸ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜவுளிக்கடை மாடியில். பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே ஒரு மர நாற்காலியில் ஆசிரியர். அறுபது வயதிருக்கும். மடியில் ஒரு நீள நோட்டு. பக்கத்தில் நிருபர் விக்னேஷ்வரன் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு பெரியவர் தன் தெருவுக்குத் தண்ணீர் வருவதாக வந்த செய்தியைப் பிடித்துக்கொண்டு, “எங்க வருது? வந்து காட்டும்யா, குளிச்சிட்டுப் போறேன்,” என்று கத்திக்கொண்டிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

கடைசி வரிசையில் உட்காரப் போனபோது பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

“என்ன வேலுத்தாயக்கா, கண்ணாஸ்பத்திரி இங்க மாடிக்கு மாறிருச்சா?”

ஐயாதுரை. மடியில் கம்பெனியின் வெள்ளி விழா விளம்பரத்துக்கான கவர்.

கால் திரும்பிப் படிப் பக்கம் போகப் பார்த்தது. அதற்குள் ஆசிரியர், “அங்க நிக்கிற அம்மா, சொல்லுங்க,” என்றுவிட்டார்.

எல்லாத் தலையும் திரும்பின. பையிலிருந்து பேப்பரை எடுத்தேன். மடித்த மடிப்பு பிரிய மாட்டேன் என்றது.

“உங்க ரெண்டாவது கட்டு, அய்யா. கேக்காமப் போட மாட்டோம்னு இருக்கு. மாரிச்செல்வியைக் கேட்டீகளா?”

ஆசிரியர் விக்னேஷ்வரனைப் பார்த்தார்.

“கம்பெனிக்குப் போன் பண்ணேன் சார். அந்தம்மா லீவுன்னு சொன்னாங்க. சீட்டு போட்டோ அனுப்பினாங்க. ஆதாரம் இருக்குதுன்னு...”

“லீவுன்னு என்னைக்குச் சொன்னாக?” என்று நான் கேட்டேன்.

“புதன்கிழமை.”

“புதன்கிழமை அவ என் எதிர்த்த மேசையில நின்னு பெட்டி அடைச்சா,” என்றேன்.

ஆசிரியரின் கழுத்து சிவந்தது. நோட்டில் ஏதோ எழுதினார். எழுதியதை உரக்க வாசித்தார். “கேட்கவில்லை. லீவு என்று நிர்வாகம் சொன்னதை நம்பினோம். தவறு பத்திரிகையுடையது.” பிறகு என்னிடம், “அடுத்த இதழ்ல முதல் பக்கத்துல வருத்தம் தெரிவிப்போம்மா. அந்தப் பொண்ணு சொல்றதையும் போடுவோம். சரியா?”

சரி என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம். நான் வந்த வேலை அதுதான். ஆனால் ஐயாதுரை எழுந்தார்.

“வருத்தம் தெரிவிங்க சார், தப்பில்ல. ஆனா சீட்டு பொய் சொல்லாதுல்ல? நாப்பத்தொண்ணு அவ நம்பர். அவதான் அடைச்சான்னு இன்னும் ஒருக்கா சேர்த்துப் போட்டுருங்க.”

ஆசிரியர் பேனாவை மூடவில்லை. “அவர் சொல்றதும் கேள்விதாம்மா. நாங்க அந்தப் பொண்ணைக் கேக்கலங்கிறது ஒண்ணு. அவ அடைக்கலங்கிறது வேற. அவ அடைக்கலைன்னா, யாரு அடைச்சது? அதைத் தெரிஞ்சவங்க சொல்லணும். இல்லேன்னா நான் திருத்தம்னு போட முடியாது, மறுப்புன்னுதான் போட முடியும்.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“மறுப்புன்னா அவ சொல்றா. திருத்தம்னா நாங்க சொல்றோம், செய்தி தப்புன்னு.”

கீழே ஜவுளிக்கடையில் துணி கிழிக்கும் சத்தம் கேட்டது. எனக்குப் பொன்மணி பிடித்த கை வலித்த மாதிரி இருந்தது. ஐயாதுரை மறுபடி உட்கார்ந்து கவரால் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார். சீல் கை மாறினது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியாது. தெரியும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

“நான்தான் அடைச்சேன்,” என்றேன்.

தண்ணீர்ப் பெரியவர் வாயைத் திறந்தபடி திரும்பினார்.

“அவ அன்னைக்குத் தேருக்குப் போயிருந்தா. சீல் எங்கிட்ட இருந்துச்சு. காலையில வந்தது காஞ்ச துணி. மாத்தி மாத்தித்தான் குத்துனேன், பதினேழு, நாப்பத்தொண்ணு, பதினேழு, நாப்பத்தொண்ணு. மத்தியானம் துணி காய வைக்கிற ட்ரையர் நின்னு போச்சு. வெளிய லாரி நிக்குது. கடைசித் துணிக்கட்டு என் மேசைக்கு வந்துச்சு. கையில எடுத்தப்பவே ஈரம் தெரிஞ்சுது. இந்தா இருக்காகளே, இவுக கிட்டப் போயி, சார் இது காயலைன்னேன். போற வழியில காஞ்சிரும், அடைன்னாக.”

“இது பச்சைப் பொய்!” என்றார் ஐயாதுரை.

“இருங்க சார்,” என்றார் ஆசிரியர். “உங்களையும் கேப்பேன். கேக்காமப் போட மாட்டேன். அம்மா, முடிங்க.”

முடிக்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அதை மாரிச்செல்விக்கும் சொன்னதில்லை, எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

“அந்த ஈரக்கட்டுல ஆறு பெட்டி. அதுக்கும் மாத்தி மாத்தித்தான் குத்தியிருக்கணும். முதப் பெட்டிக்கு என் சீலைத்தான் எடுத்தேன். மையில தொட்டுட்டேன். பொறவு அதை வச்சிட்டு அவ சீலை எடுத்தேன். ஆறுக்கும் நாப்பத்தொண்ணு.”

“ஏன்?” என்று விக்னேஷ்வரன் கேட்டான். செல்போனை எப்போதோ சட்டைப்பையில் போட்டிருந்தான்.

“ஏன்னா அது ஈரம்னு எனக்குத் தெரியும்ல.”

 ஆசிரியர் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துவிட்டு ஐயாதுரையைப் பார்த்தார்.

“சொல்லுங்க சார். ட்ரையர் அன்னைக்கு ஓடுச்சா, ஓடலையா?”

“அதை ஆபீஸ்ல கேளுங்க. சூப்பர்வைசர்கிட்டக் கேட்டா?” அவர் எழுந்துவிட்டார். கவரைத் தூக்கிக் காட்டினார். “இது வேணுமா, வேண்டாமா? அதை மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க.”

“முதல் கட்டு என்னம்மா?” என்று ஆசிரியர் என்னிடம் கேட்டார்.

“விளம்பரம் தருபவர் செய்தியைத் தொட முடியாது,” என்றேன். பார்க்காமலே வந்தது.

ஐயாதுரை படியில் இறங்கும் சத்தம் அடங்கும் வரை ஆசிரியர் வாசலையே பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அந்தக் கவர் இல்லாமல் எத்தனை வாரம் பத்திரிகை வரும் என்று யோசித்திருப்பார்.

பிறகு குரலைத் தணித்தார். “உங்க பேர் இல்லாமலும் போடலாம்மா. மூணாவது கட்டு இருக்கு. ‘அந்தப் பிரிவின் இன்னொரு பணியாளர்’னு போடுறேன். எந்தக் கோர்ட்டு கேட்டாலும் சொல்ல மாட்டேன். அந்த சூப்பர்வைசர் போயிக் கம்பெனியில சொல்லுவார்தான், ஆனா ஊருக்குத் தெரியாது.”

அந்தக் கணம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாவது கட்டு. அதையும்தான் ஏழு வருஷமாக வாசித்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கலாம். ‘இன்னொரு பணியாளர்.’ வன்னியம்பட்டி டீக்கடையில் அதை வாசிப்பவன் என்ன சொல்வான்? கம்பெனிக்காரிக எல்லாம் சேர்ந்து அவளைக் காப்பாத்துதாளுக என்பான்.

“அவ பேரு, ஊரு, புருசன் வேலை எல்லாம் போட்டீகள்ல?”

“ஆமா.”

“அப்ப நாலாவது கட்டுப்படி என் பேரும் அம்புட்டுப் பெருசா வரணும். இல்லேன்னா அது அதே அளவு இல்ல.”

ஆசிரியர் நோட்டை என் பக்கம் திருப்பினார். சொன்னதை நானே எழுத வேண்டும் என்றேன். முக்கால் மணி நேரம் ஆனது. தண்ணீர்ப் பெரியவர் தன் கேள்வியை மறந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு தடவை, “செத்த நேரம் கையை ஆத்திக்கிட்டு எழுதுத்தா,” என்றார்.

திங்கட்கிழமை கேட்டில் என்னை உள்ளே விடவில்லை. போலீசுக்குப் போகப்போவதாகச் சொன்ன பேச்சையும் காணோம். மதியத்துக்குள் பதினெட்டு ரப்பர் சீல்களையும் பிடுங்கிக்கொண்டு விரல் வைக்கும் மிஷின் மாட்டிவிட்டார்கள். பொன்மணி வீட்டுக்கே வந்தாள், உட்காரவில்லை. “நல்லா இரு,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. இனி அரை நாள்கூட அவளால் போக முடியாது. வியாழக்கிழமை ஐயாதுரை வந்தார். “எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை, என்னத்துலயோ கையெழுத்து வாங்கிட்டாகன்னு சொல்லிருங்க. திருப்பி வேலைக்கு வாங்க,” என்றார்.

“எனக்கு எழுதத் தெரியும் சார்,” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் ‘ஊர்க்கண்’ கட்டு இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு கடைக்கு வந்துவிடும். அன்றைக்கு ஏழு ஆனது, எட்டு ஆனது, வரவில்லை. “இந்த வாரம் வராது போல,” என்றார் கடைக்காரர். ஒன்பது மணிக்குள் மூன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்து போயின. ஆசிரியர் மனம் மாறியிருப்பார் என்றே முடிவு கட்டினேன். அவர் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஐந்து வரியையும் ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவ்வளவும் சும்மா என்றால் நான் கற்றுக்கொண்ட எழுத்தும் சும்மாதான்.

பத்தரைக்குக் கட்டு வந்தது. எட்டுப் பக்கத்துக்குப் பதில் ஆறு பக்கம். வெள்ளி விழா விளம்பரம் இல்லை.

முதல் பக்கத்தின் உச்சியில், மூன்று பத்தி அகலத்துக்கு, ‘மாரிச்செல்வி அந்தப் பெட்டிகளை அடைக்கவில்லை’ என்று இருந்தது. கீழே பத்திரிகை என்ன தவறு செய்தது என்று நான்கு வரி. அதற்கும் கீழே நான். வேலுத்தாய், ஊர், நம்பர், ஆறு பெட்டி, ஏன் அந்தச் சீலை எடுத்தேன் என்பது, எல்லாம். ட்ரையர் ஓடியதா என்று மூன்று முறை கேட்டும் நிர்வாகம் பதில் தரவில்லை என்றும் இருந்தது. கடையில் நின்றே விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். வயதை மட்டும் ஐம்பத்துமூன்றுக்குப் பதில் ஐம்பத்தெட்டு என்று போட்டிருந்தார்கள்.

வன்னியம்பட்டியில் மாரிச்செல்வியின் வீட்டுக் கதவு பாதி சாத்தியிருந்தது. மாமியார் என்னைப் பார்த்து வாங்க என்று சொல்லவில்லை. “எட்டு நாளா வெளிய எட்டிப் பாக்கல. தண்ணி எடுக்கக்கூட நாந்தான் போறேன். பட்டாளத்துலேருந்து எம்மகன் போன் பண்ணுதான், எடுக்க மாட்டேங்கா,” என்றாள்.

மாரிச்செல்வி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பேப்பரை நீட்டினேன். அவளுக்கு வேகமாக வாசிக்க வரும். ஆனால் அன்றைக்கு என்னைப் போலவே நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். அந்த ஆறு பெட்டி வந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

“ஆறுக்குமா அத்தை?”

“ஆமா.”

 திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் பேப்பரை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள். எழுந்து மூலையிலிருந்த குடத்தை எடுத்தாள்.

“எங்கட்டி?” என்றாள் மாமியார்.

“குழாய்க்கு. இன்னேரம் எல்லாரும் அங்கதான் நிப்பாளுக.”

வாசற்படியில் செருப்பை மாட்டும்போது திரும்பாமலே சொன்னாள். “வயசைத் தப்பாப் போட்டுருக்கான் அத்தை. கடைசிச் சனிக்கிழமை போயிக் கேளுங்க.”

கதவை முழுசாகத் திறந்துவிட்டுத் தெருவில் இறங்கினாள்.